திட்டமும் உள்ளெழுச்சியும்: நாவலாக்கம் பற்றிய ஒரு நோக்கு

நாவலாசிரியன் கதையின் போக்கையும் முடிவையும் முன்னரே வகுத்துக்கொண்டு எழுதவேண்டுமா, அன்றி உள்ளெழுச்சி இட்டுச்செல்லும் வழியே செல்லவேண்டுமா என்பது நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வரும் வினாவாகும். திட்டத்தை வற்புறுத்துவோர் நாவலைக் கட்டடமாகக் காண்பர். உள்ளெழுச்சியைப் போற்றுவோர் அதனைத் தானே முளைத்து வளரும் செடியாகக் காண்பர். ஆயினும், நாவல்கள் உண்மையில் எவ்வாறு உருவாயின என்பதை ஆசிரியர்கள் விட்டுச்சென்ற குறிப்புகளின் துணைகொண்டு நோக்குமிடத்து, இவ்விரு உவமைகளும் போதாதவை என்பது புலனாகும்.

திட்டமிட்டு எழுதியோருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் பிரெஞ்சு நாவலாசிரியரான எமிலி ஸோலா. 1871 முதல் 1893 வரை நூலுருவில் வெளிவந்த இருபது நாவல்களை ஒரே குடும்பத்தின் வரலாறாக அவர் அமைத்தார். பாத்திர விவரங்கள், அதிகாரத் திட்டங்கள், நேரிற் கண்டறிந்த தகவல்கள் ஆகியன அடங்கிய கோவைகளைத் தயாரித்தே எழுதினார். ‘ஜெர்மினால்’ நாவலுக்காக 1884 பெப்ரவரியில், வேலைநிறுத்தம் நடைபெற்றுக்கொண்டிருந்த அன்ஸான் நிலக்கரிப் பிரதேசத்துக்குச் சென்று, சுரங்கத்தினுள்ளும் இறங்கினார். எனினும் இரு செய்திகள் மனங்கொள்ளத்தக்கவை. தொடக்கத்தில் அவர் வகுத்த பட்டியலில் பத்து நாவல்களே இருந்தன. சுரங்கத் தொழிலாளர் போராட்டம் பற்றிய நாவல் அவற்றுள் இடம்பெறவில்லை. மேலும், அவரது முதற் குறிப்புகள் முடிந்த முடிபுகளாக அமையவில்லை. தம்மோடு தாமே உரையாடி, ஒரு வழியைக் கருதி, ஐயுற்று, கைவிட்டு, வேறொன்றை நாடும் சிந்தனையோட்டமாகவே அவை காணப்படுகின்றன. உள்ளெழுச்சி இங்கு திட்டமிடுதலின் உள்ளேயே தொழிற்பட்டது.

ருஷ்ய நாவலாசிரியர் தொஸ்தோயெவ்ஸ்கியின் அநுபவம் மறுபுறத்தைக் காட்டும். 1867 இல் ஜெனீவாவில் தங்கியிருந்தபோது, கடன் சுமையுடனும் சஞ்சிகையொன்றிடம் முற்பணம் பெற்ற கடப்பாட்டுடனும் ‘அசடன்’ நாவலை அவர் எழுதத் தொடங்கினார். முதற் குறிப்புகளில் கதாநாயகன் செருக்கும் மூர்க்க உணர்ச்சியும் மிக்கவன். அவ்வாண்டு டிசம்பரில், எழுதியவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். 1868 ஜனவரியில் நாவல் வெளிவரத் தொடங்கியபோது வாசகர் கண்டது சாந்தமும் கருணையும் நிறைந்த இளவரசன் மீஷ்கினை. இதனைத் திடீர் உள்ளெழுச்சியின் அற்புதமெனக் கூறுவோர் உளர். ஆனால், அக்கணத்துக்கு முன் பல மாதத் திட்டங்களும் அவற்றின் தோல்விகளும் இருந்தன என்பதற்கு அவரது குறிப்பேடுகளே சான்று. தோற்ற திட்டங்கள் இன்றேல் அவ்வெழுச்சிக்கும் நிலைக்களன் இருந்திராது.

இவ்விவாதம் எழுத்தாளனின் பழக்கவழக்கம் பற்றியது மட்டுமன்று. அவனது பொறுப்புப் பற்றியதுமாகும். ‘அவ்வாறுதான் வந்தது’ என எழுத்தாளன் கூறிவிடின் விமர்சனத்துக்கு இடமில்லாது போய்விடுகின்றது. திருத்தி எழுதும் உழைப்பிலிருந்தும் அவன் தன்னை விடுவித்துக்கொள்கின்றான். மறுபுறம், முடிவை முதலிலே தீர்மானித்து, பாத்திரங்களை அதனை நோக்கி இழுத்துச் செல்பவன் மனிதரைப் படைப்பதில்லை. தன் கருத்துக்குச் சாட்சிகளைத் தேடிக்கொள்கின்றான். அத்தகைய நாவலில் ஏழையின் துன்பங்கூட வெறும் உதாரணமாகச் சுருங்கிவிடும்.

ஆகவே, ஒரு நாவல் திட்டமிடப்பட்டதா என வினவுவதால் விமர்சகனுக்குப் பயன் அதிகமில்லை. பாத்திரத்தின் உண்மை திட்டத்தோடு முரண்பட்டபோது ஆசிரியன் எதனைக் கைவிட்டான் என்பதே அவன் கேட்கவேண்டிய வினா. எழுதியதை ஒதுக்கத் துணிந்தமையாலேயே தொஸ்தோயெவ்ஸ்கிக்கு மீஷ்கின் கிடைத்தான்.