வித்துவக்கோட்டுப் பதிகத்தில் மருத்துவனும் மழையும்

ஆபத்துக் காலத்து விச்வாஸத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எடுத்தாளுவது குலசேகராழ்வாரின் திருவித்துவக்கோட்டுப் பதிகத்து நான்காம் பாசுரம். மருத்துவன் அறுத்தாலும் சுட்டாலும் நோயாளன் அவன்பால் அன்பு மாறான் என்பது அதன் த்ருஷ்டாந்தம். இதனைக் கொண்டு, துன்பமெல்லாம் சிகிச்சையே, ஆதலால் எம்பெருமானை நம்புக என்று முடித்துவிடுவது உபந்யாஸ வழக்கமாகிவிட்டது. நெருக்கடியில் இருப்பவர்க்கு இது ஆறுதல் தருவது உண்மையே. ஆயினும் பதிகத்தின் கருத்து அங்கே நிற்கவில்லை.

முதல் மூன்று பாசுரங்களை நோக்கினால் இது விளங்கும். சினத்தால் தள்ளிய தாயை நினைந்து குழவி அழுகிறது. அச்சினம் தன் நன்மைக்கென்று அது ஆராய்வதில்லை. கண்டார் பழிக்கத்தக்கவற்றையே கணவன் செய்யினும் குலமகள் அவனையன்றி அறியாள். குடிகளைப் பாராத வேந்தன் எத்துயர் விளைப்பினும் குடிகள் அவன் செங்கோலையே பார்த்திருக்கின்றன. இம்மூன்றிலும் துன்பத்துக்கு ஒரு பயன் சொல்லப்படவில்லை. பயன் உள்ள துன்பம் நான்காவதில் மட்டுமே வருகிறது. அங்கும் ஆழ்வாருடைய நோக்கு நோயாளனின் மாறாக் காதலில் ஊன்றுகிறதேயன்றி, நோய் தீர்ந்ததில் அன்று.

ஐந்தாம் பாசுரத்துப் பறவையோ இன்னும் நுட்பமானது. அது கப்பலின் கூம்பை விட்டுப் பறந்து போய், எங்கும் கரை காணாமல் மீள்கிறது. வேறு புகலை அறியாமையால் அது அங்கே தங்கவில்லை. தேடிப் பார்த்து, இல்லையென்று கண்டே வந்தது. அநந்யகதித்வத்துக்கு இதனினும் நேர்மையான உவமை அரிது.

பிறகு உறவும் அறிவும் கழிந்து, ஸ்வபாவம் ஒன்றே எஞ்சுகிறது. நெருப்பே அருகில் வந்து சுட்டாலும் தாமரை அதற்கு மலராது, கதிரவனுக்கே மலரும். வானம் எவ்வளவு காலம் மறந்திருந்தாலும் பயிர் முகிலையே பார்த்திருக்கும். இவ்விரு பாசுரங்களிலும், தேவரீர் துயரைத் தீர்க்காமல் விட்டாலும் என்றே ஆழ்வார் விண்ணப்பிக்கிறார். மழை பெய்தது என்று அவர் சொல்லவில்லை. கஜேந்திரன் கதையில் ஆழி வருகிறது. இங்கே அது வருவதில்லை. சிகிச்சை என்ற சமாதானம் பயிரினிடம் செல்லாது. மழையின்மை பயிருக்கு மருந்தென எவரும் உரைக்க மாட்டார்.

அப்படியானால் இது கைகட்டி இருத்தலாகுமோ என்ற ஐயம் எழலாம். ரக்ஷணத்துக்கு ஈச்வரனையன்றி வேறு உபாயம் இல்லையென ஸ்ரீவசனபூஷணத்தில் நிலைநாட்டியவர் பிள்ளைலோகாசார்யர். 1323இல் தில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, முதுமையிலும் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தென்திசை நோக்கிப் புறப்பட்டவரும் அவரே என்கிறது குருபரம்பரை. இவ்விரண்டையும் முரணாகக் காண்பவர் உபாயத்தையும் கைங்கர்யத்தையும் ஒன்றாகக் குழப்புகின்றனர். தன்னைக் காத்துக்கொள்ள அவர் நடக்கவில்லை. பரிவு நடத்தியது, பெருமாளுக்கு என் வருமோ என்னும் அச்சம் பெரியாழ்வாருடைய குடியில் பழையது. வழியில் ஜ்யோதிஷ்குடியில் அவர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். நம்பெருமாள் திருவரங்கம் மீண்டது 1371இல்.