பால்டேயஸ் நூலின் செப்புத்தகட்டுப் படங்கள்

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மன்னார்க் கோட்டையைக் கைப்பற்றிய காலை, அப்படையுடன் வந்த போதகர் பிலிப்பு பால்டேயஸ் ஆவர். வழிபாட்டிடத்தில் உருவம் ஆகாது என்பது அவர்தம் சபையின் கோட்பாடு. மாந்தைக் கத்தோலிக்கர் 1670ஆம் ஆண்டளவில் மாதாவின் சொரூபத்தை மருதமடுக் காட்டிற்குக் கொண்டு சென்றனர் என்பது மரபு. ஆயின், அப்போதகரே 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலிலோ படங்கள் மலிந்து கிடக்கின்றன! தெல்லிப்பழை, வட்டுக்கோட்டைத் தேவாலயங்களோடு திருமாலின் அவதாரங்களும் அதன்கண் உள.

செப்புத்தகட்டுப் படத்துக்குரிய முறைகளுள் ஒன்று, மெழுகு பூசிய தகட்டில் ஊசியாற் கீறித் திராவகத்தில் இடுதல். கீறிய வரியை அது அரிக்க, அப்பள்ளத்தில் மை தங்கும். எழுத்தாணியால் ஓலையைக் கீறி மை தடவிய நம் முன்னோர்க்கு இதன் கருத்து புதிதன்று.

தேவாலயப் படங்கள் இன்றும் வரலாற்றாசிரியர்க்குப் பயன்படுவன. அவதாரப் படங்களை அவ்வாறு போற்றற்கியலாது. கதை நம்முடையது, உடலமைப்பும் முகிலும் நிலக்காட்சியும் ஐரோப்பியருடையவை. வெறுத்து எழுதப் புகுந்தவர் நூல், வெறுக்கப்பட்டவற்றையே அந்நாட்டார் கண்முன் பரப்பிற்று.

எனினும், எனக்கு மிக்க வருத்தந் தருவது வேறொன்று. தமிழ் அச்செழுத்து இல்லாத அந்நகரில், விவிலியத்தின் 'பரலோக மன்றாட்டை'யும் படம்போலவே செதுக்கி அச்சிட்டனர். தமிழறியாக் கை செதுக்கிய அப்பகுதி பிழை மலிந்தது. அன்றீக்கே அன்றீக்கசின் 'தம்பிரான் வணக்கம்' 1578இலேயே கொல்லத்தில் வார்ப்பெழுத்தால் அச்சேறியிருந்தது. தொண்ணூற்று நான்கு ஆண்டுகட்குப் பிந்திய ஆம்ஸ்டர்டாம் நூலில், தமிழ் எழுத்தன்று, வெறுஞ் சித்திரமே.