மலிவு விலையில் ஒரு பொதிச் சேணம்

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் உள்ள பாப் மார்ஷல் காட்டுக்குள் ஒரு தள்ளுவண்டியைக்கூட உருட்டிக்கொண்டு போக முடியாது. 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம் மோட்டார் வாகனங்களோடு சைக்கிளையும் சுமை ஏற்றும் சக்கர வண்டிகளையும் சேர்த்தே தடுத்துவிட்டது. உரிமம் வாங்கி அங்கே எல்க் மான் வேட்டைக்குப் போகிறவருக்கு மிஞ்சுவது தன் முதுகும் குதிரையின் முதுகும்தான். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பை நீக்கிய பிறகும் இறைச்சி 90 கிலோவுக்குக் குறையாமல் தேறும். அதைச் சுமந்துகொண்டு மலைப்பாதையில் 20 கிலோமீட்டர் நடந்து பார்த்தவர்கள் அடுத்த ஆண்டே குதிரை விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

குதிரை கிடைத்ததும் தளவாடம் வேண்டும். செலவு எகிறுவது அங்கேதான். பட்டியல் நீளமானது, கடைக்காரர்கள் அதை இன்னும் நீட்டுவார்கள். குதிரையின் உடம்பில் நேரடியாகப் படுகிற பொருள்களில் மட்டும் கை தாராளமாக இருந்தால் போதும். மற்றதையெல்லாம் பழையதாக, உள்ளூரில், சில சமயம் வீட்டிலேயே தேற்றிவிடலாம்.

மிக மலிவான தொடக்கம், சவாரிச் சேணத்தின் மேலேயே போட்டுக்கொள்ளும் இரட்டைப் பை. தடித்த நைலானிலோ கித்தானிலோ தைத்திருப்பார்கள். சேணத்தின் முன்கொம்பு நுழைய நடுவில் ஓர் ஓட்டை இருக்கும். நூறு, இருநூறு டாலருக்குள் முடிந்துவிடும். காலையில் ஏறிப்போன குதிரையிலேயே மாலையில் இறைச்சியை ஏற்றிவிட்டு, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு வேட்டைக்காரர் நடந்து வரலாம். ஒருநாள் வேட்டைக்கு இது கச்சிதம். ஆனால் ஒரு வாரத்துக்கான கூடாரத்தையும் சாமான்களையும் இதில் திணிக்க நினைப்பது தவறு. சவாரிச் சேணத்தின் கட்டமைப்பு ஏறி உட்காரும் மனிதனுக்கானது. மனிதன் ஏற்றத்தில் முன்னே சாய்வான், இறக்கத்தில் பின்னே சாய்வான். மூட்டை அப்படியெல்லாம் ஒத்துழைக்காது.

அதற்குத்தான் பொதிச் சேணம். அதில் இரண்டு குலம் உண்டு. பழையது ‘சாபக்’. குதிரையின் முதுகெலும்புக்கு இருபுறமும் படியும் இரண்டு மரக்கட்டைகள், அவற்றின் மேல் பெருக்கல் குறி போல முன்னும் பின்னும் இரண்டு மரக் குறுக்குகள். பைகளின் வார்களை அந்தக் குறுக்குகளில் மாட்டினால் வேலை முடிந்தது. எளிமையான அமைப்பு என்பதால் பழைய சாமான் ஏலங்களிலும் பண்ணை விற்பனைகளிலும் அடிக்கடி கண்ணில் படும், விலையும் இறங்கும். புதியவர் ஒரே மாலையில் மாட்டக் கற்றுக்கொள்வார். குறை என்னவென்றால், அடிக்கட்டை குதிரையின் முதுகுக்குப் பொருந்தவில்லை என்றால் அதிகம் செய்வதற்கில்லை. சுமையும் பெரும்பாலும் பைக்குள் அடங்குவதாக இருந்தால்தான் வசதி.

இன்னொன்று ‘டெக்கர்’. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐடஹோ மலைகளில் உருவானது. மரக் குறுக்குகளுக்குப் பதிலாக இரும்பு வளையங்கள். அந்த வளையத்தைச் சற்றே வளைத்தும், அடிக்கட்டையை அரத்தால் ராவியும் குறிப்பிட்ட ஒரு குதிரைக்கென்றே பொருத்திக்கொள்ளலாம். மேலே திணிப்பு வைத்த கித்தான் போர்வையும் அதன் அடிவிளிம்பில் ஒரு பலகையும் வரும். சுமையின் அழுத்தம் விலா எலும்பில் ஓரிடத்தில் குத்தாமல் பரவுவது அந்தப் பலகையால்தான். வைக்கோல் கட்டு, மரத்துண்டு, அடுப்பு எதையும் பை இல்லாமல் கித்தானில் சுருட்டிக் கயிற்றால் வளையத்தில் தொங்கவிடலாம். மான்டானாவில் 1930இல் தொடங்கிய நைன்மைல் கோவேறு கழுதை நிலையத்திலிருந்து காட்டுத்தீ அணைப்பவர்களுக்குச் சாமான் போன காலம் முதல் அந்த வட்டாரத்து வனத்துறையின் பழக்கம் டெக்கர்தான்.

புதிய டெக்கர் முழு வார்களோடு பல நூறு டாலர் ஆகும். பணம் இருந்தால் யோசிக்காமல் டெக்கர். இல்லையென்றால் பொருந்துகிற பழைய சாபக், பொருந்தாத புதிய டெக்கரை எந்த நாளும் வெல்லும்.

பொருத்தம் பார்ப்பது எப்படி? விரிப்பு எதுவும் போடாமல் வெறும் முதுகில் சேணத்தை வைத்து, அடிக்கட்டையின் முழு நீளத்துக்கும் கீழே விரல்களை ஓட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் பாலம் போலத் தூக்கி நிற்கிறதா, முனை குத்துகிறதா என்பது கைக்குத் தெரியும். கட்டையில் சுண்ணக்கட்டித் தூளைத் தடவி வைத்து எடுத்தால் எங்கே படுகிறது என்று முதுகே காட்டும். சுமையோடு சில மணி நேரம் நடந்த பிறகு சேணத்தைக் கழற்றும்போது முதுகு முழுக்க ஒரே சீராக வியர்த்திருக்க வேண்டும். வியர்வைக்கு நடுவே உலர்ந்த திட்டு தெரிந்தால் அங்கே அழுத்தம் அதிகம். அதைக் கவனிக்காமல் விட்டால் சேணப்புண் வரும்.

பழைய சேணம் வாங்கும்போது தோலை மடித்துப் பார்க்க வேண்டும். வெடிப்பு தெரிந்தால் அந்த வாரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். மரக்கட்டையில் கீறல் இருந்தால் பேரம் பேசவே வேண்டாம். வயிற்று வார், மார்வார், இறக்கத்தில் சேணம் முன்னே சரியாமல் தொடையைச் சுற்றிப் பிடிக்கும் பின்வார் மூன்றும் உறுதியாக இருக்க வேண்டும். தட்டையான மைதானத்தில் பழகியவர்கள் பின்வாரை அலங்காரம் என்று நினைத்து மிச்சம் பிடிப்பதுண்டு. மலையில் முதல் செங்குத்து இறக்கத்திலேயே அதன் விலை புரிந்துவிடும். விரிப்பு அசல் கம்பளியாக இருக்கட்டும். பொதிச் சேணத்துக்கான விரிப்பு சவாரி விரிப்பைவிட நீளமாகவும் தடிப்பாகவும் வேண்டும்.

முதுகிலிருந்து விலகியதும் சிக்கனத்துக்கு வழி திறக்கிறது. கித்தான் பைகள் பழையவையே போதும், கிழிந்தால் ஊசியும் மெழுகுநூலும் இருக்கின்றன. கடினப் பிளாஸ்டிக் பெட்டிகள் சாமானை நசுங்காமல் காக்கும், முகாமில் மேசையாகும். ஆனால் குறுகிய பாதையில் மரத்தில் உரசும் ஒவ்வொரு முறையும் போடும் சத்தத்துக்கு அனுபவமில்லாத குதிரை மிரளும்.

எல்லாவற்றிலும் மலிவானதும் முக்கியமானதும் ஒரு ஸ்பிரிங் தராசு. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சுமக்கலாம் என்பது பரவலான கணக்கு. 450 கிலோ குதிரைக்கு 90 கிலோ, அதில் சேணம், விரிப்பு, பெட்டி எல்லாம் அடக்கம். அனுபவசாலிகள் அசையாச் சுமையை 68 கிலோவோடு, அதாவது 150 பவுண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதனால் ஒரு எல்க்குக்கு இரண்டு பொதிக்குதிரை தேவைப்படும். மொத்த எடையைவிடப் பெரிய தொல்லை இருபுறமும் சமமில்லாத எடை. கையால் தூக்கிப் பார்த்து “சரியாத்தான் இருக்கு” என்பவரின் சுமை பாதி வழியில் சேணத்தையே விலாப்பக்கம் இழுத்துவிடும். தராசில் தொங்கவிட்டுப் பார்த்தால் அந்த வாதமே எழாது.

கயிறு விஷயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. வரிசையாகப் போகும் குதிரைகளை இணைக்க, முன்னால் போகும் சேணத்தின் பின்புறம் ஒரு மெல்லிய சணல் வளையத்தைக் கட்டுவார்கள். அது வேண்டுமென்றே பலவீனமானது. ஒரு குதிரை பள்ளத்தில் சரிந்தால் அந்த வளையம் அறுந்து மற்றவை தப்பிக்கும். இங்கே உறுதியான நைலான் கயிற்றைப் போடுவது ஆபத்து. இரவில் குதிரைகளைக் கட்ட இரண்டு மரங்களுக்கிடையே தலைக்கு மேல் உயரத்தில் ஒரு கயிறும், மரப்பட்டை காயப்படாமலிருக்க இரண்டு அகலப் பட்டிகளும் போதும். லாரிகளில் சரக்கைக் கட்டும் பழைய நாடாவே பட்டியாகிவிடும்.

பாப் மார்ஷல் பகுதி கிரிஸ்லி கரடியின் நாடு. உணவை மட்டுமல்ல, குதிரைத் தீவனத்தையும் வெட்டிய இறைச்சியையும் விதிப்படி பாதுகாக்க வேண்டும். சான்று பெற்ற அலுமினியக் கரடிப் பெட்டிகள் சேணத்தைவிட விலை கூடியவை. பணமில்லாதவர் கயிறும் கப்பியும் வைத்து, தரையிலிருந்து 10 அடி உயரத்தில், மரத்திலிருந்து 4 அடி தள்ளித் தொங்கவிடலாம். நல்ல மரம் தேடி அலைய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான் இடுப்பில்தான் இருக்க வேண்டும், சேணத்தில் அல்ல. கரடியைக் கண்டதும் குதிரை ஓடிவிட்டால் அதோடு தெளிப்பானும் போய்விடும்.

துப்பாக்கி உறைக்குப் பெரிய செலவு வேண்டாம். குதிரையின் தோளையோ முழங்காலையோ உரசாத தோல் உறை ஒன்று பழையதாகக் கிடைத்தால் போதும். குதிரையைக் கட்டிப்போடும்போது துப்பாக்கியை எடுத்துவிட வேண்டும், இல்லையேல் குதிரை புரளும்போது முறிவது துப்பாக்கிதான். மான்டானாவில் வேட்டைக்காரர் இடுப்புக்கு மேலே 400 சதுர அங்குலம் ஆரஞ்சு நிறம் அணிய வேண்டும் என்பது சட்டம். அதே துணியில் ஒரு துண்டைக் குதிரைக்கும் கட்டிவிடுகிறார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் பழுப்புக் குதிரையும் எல்க்கும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால்.

முடிச்சுகளைக் கற்க ஜோ பேக் 1959இல் எழுதிய ‘ஹார்சஸ், ஹிட்சஸ் அண்ட் ராக்கி டிரெய்ல்ஸ்’ இன்றும் கைகொடுக்கிறது, படங்களும் அவரே வரைந்தவை. 1973இல் மான்டானாவில் தொடங்கிய பேக் கன்ட்ரி ஹார்ஸ்மென் அமைப்பின் உள்ளூர்க் கிளைகளில் பழக்கம் பிடித்தால், இரண்டு வகைச் சேணத்தையும் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம். வயோமிங் போகிற வெளிமாநிலத்தார் மட்டும் வாங்குவதற்கு முன் சட்டத்தைப் படித்துவிட வேண்டும். அங்கே வனாந்தரப் பகுதிகளில் எல்க் போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாட அவர்கள் உரிமம் பெற்ற வழிகாட்டியோடோ, அதற்கான அனுமதிபெற்ற உள்ளூர்வாசியோடோதான் போக முடியும். வழிகாட்டிகள் பெரும்பாலும் குதிரையும் சேணமும் தாங்களே கொண்டுவருவார்கள்.