கைக்கண்ணாடியில் பார்ப்பவள்

பார்பரா ஸ்டான்விக்கின் நகைச்சுவை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்கள் அதை பிரஸ்டன் ஸ்டர்ஜஸின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறார்கள். 'தி லேடி ஈவ்' (1941) படத்தின் திரைக்கதை, வசனம், டைரக்ஷன் எல்லாம் அவர்தான். சரி. ஆனால் அந்தப் படத்தில் புத்தி வேலை செய்வதை நான் பார்ப்பது வசனத்தில் அல்ல.

கப்பலின் சாப்பாட்டு ஹால். சீட்டாட்ட மோசடிக்காரி ஜீன், ஹென்றி ஃபோண்டாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். அமேஸான் காட்டில் பாம்பு ஆராய்ந்துவிட்டுத் திரும்பும் பணக்கார வாரிசு அவன், புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு பெண்ணாக அவனை வளைக்க முயல்வதைத் தன் பவுடர் டப்பாக் கண்ணாடியில் பார்த்தபடி, அவர்கள் என்ன நினைக்கிறார்கள், என்ன சொல்லப்போகிறார்கள் என்று இவளே பேசிக்கொண்டு போகிறாள். குரல் அலட்சியமாக ஓடுகிறது. கண் ஒன்றையும் தவறவிடுவதில்லை. கடைசியில் அவன் எழுந்து வரும் வழியில் காலை நீட்டி விழவைக்கிறாள். (சிறுபத்திரிகை விமர்சகர்களாகிய நாம் செய்வதும் ஏறக்குறைய இதுதான், காலை நீட்டுவது உட்பட.)

மோசடி தெரிந்து அவன் உதறிவிட்டுப் போனபின், இங்கிலாந்துப் பிரபு வம்சத்துப் பெண்ணாக அவன் வீட்டுக்கே வந்து நிற்கிறாள். முகத்தில் மாறுதல் இல்லை, உச்சரிப்புதான் வேறு. இவ்வளவு ஒத்திருப்பதாலேயே இவள் அவளாக இருக்க முடியாது என்று அவன் முடிவு கட்டுகிறான். தியேட்டர் சிரிக்கும் இடம். தினமும் செக்கில் கையெழுத்து சரிபார்க்கும் எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. மாதிரிக் கையெழுத்தோடு அச்சாகப் பொருந்துகிற கையெழுத்தின் மேல்தான் சந்தேகம் வரவேண்டும். நிஜ மனுஷன் இரண்டு தடவை ஒரே மாதிரி போடுவதில்லை. அவன் தர்க்கம் அத்தனை மோசமில்லை. அதைத் தெரிந்துகொண்டு, வேஷமே போடாமல் வருகிறாளே, அந்தத் துணிச்சல்தான் ஸ்டான்விக்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கும் அப்பால். கல்யாணமான இரவில், ரயிலில், தன் பழைய காதலர்களை ஒவ்வொருவராக அவனிடம் ஒப்புக்கொள்கிறாள், கற்பனையாக. பட்டியல் நீள்கிறது, தாங்கமுடியாமல் அவன் பைஜாமாவோடு ரயிலை விட்டு இறங்கி, சேற்றில் சறுக்கி விழுகிறான். பழிவாங்கல் பூர்த்தி. அவள் சிரித்திருக்க வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். ஜெயித்த களை முகத்தில் இல்லை. திரையை இழுத்துவிடுகிறாள். பிறரைக் கண்ணாடியில் பார்த்துக் கிண்டலடித்தவளுக்கு, நேரே பார்க்க நேர்ந்தபோது, பார்க்கப் பிடிக்கவில்லை. நகைச்சுவை என்றால் கனமில்லாதது என்று எழுதுகிறவர்கள் இந்தச் சில விநாடிகளை என்ன செய்வார்கள்?

ஹாலிவுட்டும் சரியாகக் கணக்குப் பார்க்கவில்லை. ஆஸ்கருக்கு அவர் நான்கு தடவை பரிந்துரைக்கப்பட்டார். இந்தப் படம் அந்த நான்கில் இல்லை, போட்டியில் ஒரு தடவையும் பரிசு இல்லை. 1982ல் கௌரவ விருது கொடுத்தார்கள். 1990ல் இறந்தார்.

நண்பர்களுக்கு ஒன்று: அந்த ஜன்னல் திரை இறங்கும் இடத்தில் அவருக்கு வசனமே கிடையாது.