கொத்திப் போட்ட கிழங்கு

கேரளத்துக் கள்ளுக்கடைகளைக் கரிமீனை வைத்து எடைபோடுகிறவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. வாழையிலையில் பொதிந்து வந்த மீனைப் படம் எடுத்து, முள் நோண்டி அவர்கள் முடிப்பதற்குள் நான் என் வேலையைப் பார்த்துவிடுவேன். தாராவு ரோஸ்டுக்காக, அதாவது வாத்து வறுவலுக்காக, குட்டநாடு வரை போகிறவர்களும் உண்டு. என் மைத்துனர் அந்தக் கட்சி. கெங்கவல்லியில் வண்டியை எடுத்து ஆத்தூர், சேலம், கோவை, வாளையார் என்று போகிற வழி நெடுக இந்தத் தகராறுதான். "ஏன் மாப்ள, கெழங்கு தின்னவா இம்புட்டுத் தூரம்? நம்ம காட்டுலயே புடுங்கிக்கலாமே" என்பார். நியாயமான கேள்விதான். அவர் காட்டில் கிழங்கு இருக்கிறது. தின்பதற்கு ஆளில்லை.

எங்கள் பக்கம் கிழங்கு என்றாலே குச்சிக்கிழங்குதான், அதாவது மரவள்ளி. பச்சைமலை அடிவாரத்திலிருந்து சுவேத நதிக் கரை வரைக்கும், அந்தப் பக்கம் தம்மம்பட்டி, இந்தப் பக்கம் வீரகனூர் என்று பாக்குத் தோப்பு இல்லாத இடமெல்லாம் அது நிற்கும். பிடுங்கியதும் லாரி, லாரியிலிருந்து நேரே சேகோ பேக்டரி. அங்கே கிழங்குக்கு ருசி கிடையாது, பாயிண்ட்தான் உண்டு. மாவு எத்தனை பாயிண்ட் என்று தராசு சொல்லும், பாயிண்டுக்கு இவ்வளவு என்று ரேட் விழும். இருபத்தெட்டு பாயிண்ட் வந்துவிட்டால் அந்த வருஷம் முழுக்க அதே பேச்சாக இருப்பார்கள். வாயில் போட்டால் எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

இதன் பின்னால் ஒரு யுத்தம் இருக்கிறது. 1942-ல் மலாயாவும் பர்மாவும் ஜப்பானியர் கைக்குப் போயின. மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றது. அடுத்த வருஷமே சேலத்தில் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். பர்மா அரிசி வருவது நின்றது. திருவிதாங்கூர் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அந்தக் கிழங்கை ஊன்றச் சொல்லி முன்பே ஊக்கியிருந்தார். ஒரே பஞ்ச காலம். அவர்கள் தின்னக் கற்றுக்கொண்டார்கள், நாங்கள் அரைக்கக் கற்றுக்கொண்டோம். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1971-ல் வெளியிட்ட எச் 226 எங்கள் ஜில்லாவில் பரவிக் கிடக்கிறது. அதே கேரளம் வீட்டுச் சமையலுக்கென்று எம் 4 ரகத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறது. அதன் விளைச்சல் குறைவு. ஆனால் வெந்தால் பூவாக மலரும்.

நான் போகும் கடை சித்தூர் தாலுகாவில், ஒரு வாய்க்கால் ஓரம் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். போன தடவையே கார்கள் அதிகமாகத் தென்பட்டன. 'கள்' என்ற பெரிய எழுத்தும் கடை நம்பரும் போட்ட பலகை, ஓட்டுக் கூரை, இரண்டு பெஞ்சுக்கு நடுவே ஒரு மேஜை. பின்னால் புகை படிந்த அடுப்படி. அங்கே சமைக்கிற அம்மாளை எல்லோரும் சேச்சி என்கிறார்கள். எனக்கு அக்கா என்றுதான் வாயில் வரும், அவரும் தமிழில்தான் பதில் சொல்வார். பாதி ஊர் தமிழ் பேசும் பகுதி அது.

அவர் கிழங்கு அரிவதைப் பார்க்கவே ஒரு நடை போகலாம். மேல் தோலையும் அடியில் இருக்கும் ரோஸ் நிறப் பட்டையையும் ஒரே கீறலில் உரித்துத் தள்ளுவார். பிறகு கிழங்கை இடது கையில் நிறுத்திப் பிடித்து, முனையில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கொத்து கொத்தென்று கொத்துவார். கொத்தியதைச் சீவி விடுவார். பாத்திரத்தில் விழுகிற துண்டு ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஓரம் சன்னமாக, வயிறு தடிப்பாக இருக்கும். மொத்த ரகசியமும் இதுதான் என்பேன். வேகும்போது சன்ன ஓரம் கரைந்து கூழாகும், தடித்த வயிறு துண்டாகவே நிற்கும். மசியலும் துண்டும் ஒரே வாயில் கிடைக்கிறது. பலகையில் வைத்துச் சதுரம் சதுரமாக நறுக்கினால் இது வரவே வராது. எல்லாம் துண்டாக நிற்கும், இல்லாவிட்டால் எல்லாம் களியாகிவிடும். பெரிய ஓட்டல்களில் சதுரமாக நறுக்குகிறார்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

கிழங்கு அன்றைக்குக் காலையில் பிடுங்கியதாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கிடந்தால் உள்ளே நீல வரி ஓடிவிடும். எவ்வளவு வேக வைத்தாலும் அந்த வரி ஓடிய இடம் கட்டையாகத்தான் இருக்கும். அக்கா ஒவ்வொரு கிழங்கையும் ஒடித்து முனையைப் பார்ப்பார், வரி தெரிந்தால் ஓரமாக எறிந்துவிடுவார். முதல் தண்ணீரில் மூடாமல் கொதிக்க விட்டு வடித்துக் கொட்டுவார். கசப்பும் அதோடு வந்திருக்கும் நஞ்சும் அந்தத் தண்ணீரோடு போக வேண்டும். இரண்டாவது தண்ணீரில்தான் வேக விடுவது. உப்பு கடைசியில், முதலிலேயே போட்டால் கிழங்கு விறைத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. நடுநரம்பை அப்போதைக்கு அப்போது கையால் இழுத்து எடுப்பார். தேங்காய், பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மஞ்சள் எல்லாம் அம்மியில் நசுக்கி எடுத்தது, அரைபட்டும் படாமலும். அதைப் போட்டு மரக்கரண்டியின் முதுகால் நாலு தட்டுத் தட்டி, கறிவேப்பிலையும் பச்சைத் தேங்காய் எண்ணெயும் விட்டு இறக்கிவிடுவார். கடுகு தாளிக்க மாட்டார். கடுகு தாளித்த கிழங்குதான் கிழங்கு என்று வாதிடுகிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். கடுகும் வரமிளகாயும் பொரிந்த வாசனை வந்துவிட்டால் கிழங்கின் பால் வாசனை செத்துப்போகும்.

மீன் குழம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மண்சட்டியில் குடம்புளி போட்டு முதல் நாளே வைத்த மத்திக் குழம்பு. சித்தூர் கடற்கரை இல்லை, மீன் வண்டியில்தான் வருகிறது. ஆனாலும் ஒரு ராத்திரி ஊறிய புளிப்பு அந்தக் குறையைச் சரிக்கட்டிவிடும். குழம்பைக் கிழங்கின் தலையில் ஊற்றக் கூடாது. தட்டின் ஓரத்தில் விட்டு, விரலால் கிழங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் இழுக்க வேண்டும். இரண்டு வாய் உள்ளே போன பிறகு முதல் மிடறு கள்.

இங்கேதான் பனங்கள் கட்சி எழுந்து நிற்கும். பனங்கள்ளின் மணமும் கனமும் தென்னங்கள்ளுக்கு வராது என்பார்கள். உண்மை. தை பிறந்து பாளை விட்ட பிறகு பனையிலிருந்து இறங்குவதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. சுட்ட கருவாடும் வறுத்த கடலையும் வைத்துக்கொண்டு குடிக்க வேண்டிய சரக்கு அது. கிழங்குக்கு முன்னால் அது அதட்டுகிறது. தென்னங்கள் வேறு சுபாவம். விடிகாலையில் இறக்கும்போது இளநீரின் தம்பி. பதினொரு மணிக்கு நாக்கின் நுனியில் சுருக்கென்று ஒரு கடி. சாயங்காலம் முழுப் புளிப்பு. அந்தப் பதினொரு மணிக் கள்ளுக்கும் கொத்திப் போட்ட கிழங்குக்கும்தான் பொருத்தம். தேங்காயும் கள்ளும் ஒரே மரத்துப் பிள்ளைகள் என்பதாலோ என்னவோ.

இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் கிராமத்து பப்புகளைப் பற்றி எழுதுவதைப் படித்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை வரும். ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் ஒரு லண்டன் பத்திரிகையில் தனக்குப் பிடித்த பப்பை வரிவரியாக வர்ணித்துவிட்டு, அப்படி ஒரு கடையே இல்லை என்று கடைசியில் கைவிரித்தார். பீருக்கு மேலாக அவர் சொன்னது அங்கே நிலவும் சூழலை. பேச்சுக் கேட்கிற அளவு அமைதி, வருகிறவர்களின் பெயர் தெரிந்த பரிமாறுபவர்கள், பின்னால் ஒரு தோட்டம். அவர் தேடியதில் பாதிக்கு மேல் வாய்க்கால் ஓரத்து ஓட்டுக் கூரையில் இருக்கிறது. 1971-ல் இங்கிலாந்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து, பீப்பாயிலிருந்து நேரே வரும் பழைய பாணி பீர் அழிந்துவிடக் கூடாது என்று ஓர் இயக்கமே தொடங்கினார்கள். அது இன்றைக்கு வரைக்கும் நடக்கிறது. அதே 1971-ல்தான் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். மூன்று வருஷத்துக்குள் மறுபடி கதவைச் சாத்தினார்கள். குடியைப் பற்றி இங்கே நடந்த விவாதமெல்லாம் திறப்பதா மூடுவதா என்பதோடு நின்றுவிட்டது.

எங்கள் ஜில்லாவுக்கு இதில் தனிப் பெருமை. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மந்திரிசபை சென்னை மாகாணத்தில் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில்தான். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி பிறந்தது. அதற்கும் முன்பே திருச்செங்கோடு புதுப்பாளையம் ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்று மதுவிலக்குக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார்கள். கல்கி அதில் வேலை பார்த்தார். குடியால் அழிந்த குடும்பங்களை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். அவர்களோடு நான் வாதாட வரவில்லை. 1981-ல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்த கள்ளுக்கடைகள்தான் எனக்கு நினைவில் இருப்பவை, அவையும் 1987 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தன.

அப்போது எனக்குக் கள் குடிக்கிற வயசில்லை. தாத்தாவைக் கூட்டிவர அனுப்புவார்கள். ஊருக்கு வெளியே தென்னங்கீற்றுப் பந்தல், உள்ளே பானைகள். பந்தலுக்கு வெளியே கூடை வைத்து உட்கார்ந்த பெண்கள்தான் என் ஞாபகம் முழுக்க. ஒருத்தி அவித்த மொச்சை, ஒருத்தி குடல் வறுவல், ஒருத்தி கருவாட்டுக் குழம்பு. ஓரமாக ஒரு கிழவி, வேக வைத்த குச்சிக்கிழங்கும் அதன் மேல் ஒரு கரண்டி மிளகாய்ச் சட்னியும். தாத்தா எழுந்து வரும் வரைக்கும் எனக்கு அந்தக் கிழங்குதான். துண்டாக வெட்டியது, நரம்பு எடுக்காதது, தேங்காய் பார்க்காதது. சித்தூர் அக்காவின் பக்கத்தில் அதை நிறுத்த முடியாது. ஆனால் அதே திசையில் போய்க்கொண்டிருந்த சமையல். இன்னும் முப்பது வருஷம் விட்டிருந்தால் எங்கேயாவது போய்ச் சேர்ந்திருக்கும். கேரளத்தில் 1996-ல் சாராயத்தை ஒழித்தபோது கூடக் கள்ளை விட்டுவைத்தார்கள். அடுப்படி அணையாமல் இருந்தது. கைப்பக்குவம் மாமியாரிடமிருந்து மருமகளுக்குப் போனது.

இங்கே கள் போனது, பாட்டில் வந்தது. பாட்டிலோடு ஒரு பிளாஸ்டிக் டம்ளர், ஒரு தண்ணீர்ப் பாக்கெட், அவித்த முட்டை மேல் மிளகுத்தூள். நின்றுகொண்டே முடித்துவிட்டுப் போகிறார்கள். தப்புச் சொல்லி என்ன செய்ய, உட்கார வைக்கிற மாதிரி அங்கே ஒன்றும் இல்லை. கள்ளுக்கு அனுமதி கேட்டுக் கூட்டம் போடுகிறவர்கள் விவசாயி வருமானம் என்கிறார்கள், உடம்புக்கு நல்லது என்கிறார்கள், பக்கத்து மாநிலத்தைப் பார் என்கிறார்கள். தொட்டுக்கொள்ள என்ன என்று ஒரு மேடையிலும் கேட்டதில்லை. நாளைக்கே திறந்தாலும் அதே அவித்த முட்டையோடுதான் திறப்பார்கள் என்று எனக்குப் பயம்.

கேரளமும் கெட்டுக்கொண்டுதான் வருகிறது. மரமேற ஆளில்லை, ஏறுகிறவர்களின் பிள்ளைகள் ஏற மாட்டார்கள். உதயம்பேரூர் முல்லப்பந்தல் மாதிரிப் பெயர் பரவிய கடைகளுக்குக் குடும்பத்தோடு போகலாம், சாப்பாடும் குறைசொல்லும்படி இருக்காது. என் புகார் 'ஷாப்பு கறி' என்று பலகை போட்டுக்கொண்டு கள்ளே இல்லாமல் நடக்கிற ஏசி ஓட்டல்களைப் பற்றி. காரம் மட்டும் கள்ளுக்கடைக் காரம். அந்தக் காரம் எதற்காக வந்தது? தித்திப்பும் புளிப்புமாக ஒன்று பக்கத்தில் இருந்ததால் வந்தது. அதை எடுத்துவிட்டு லைம் சோடாவை வைத்தால் நாக்கு எரிவதுதான் மிச்சம். கிழங்கும் அங்கே ஒரு சின்னக் கிண்ணத்தில் மல்லித்தழை தூவி வரும், அலங்காரத்துக்கு.

போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். கூட்டத்துக்காக முதல் நாளே அரிந்து தண்ணீரில் போட்டுவைக்கிறார்கள். வார நாளில், பதினொரு மணிக்கு முன்னால் போய் உட்காருங்கள். முதல் அடுக்குக் கிழங்கு இறங்குகிற நேரம் அது. ஒரு மணிக்கு மேல் வருவது சூடு பண்ணியது. ஓரமெல்லாம் உலர்ந்து, கரண்டியோடு கட்டியாக எழும்பும். கொண்டுவந்து வைத்ததும் ஒரு துண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மேலே பொடிந்து நடுவில் கொஞ்சம் எதிர்த்து நின்றால் கள் சொல்லலாம். நிற்காவிட்டால், என் மைத்துனர் சொல்வதுபோல், தாராவு ரோஸ்ட் இருக்கிறது.