நாளைப்போவாரும் நாற்பது வேலியும்

நந்தனாரின் தில்லை வேட்கை ஒன்றே. அதனைத் தடுத்தது யாது என்பதிலேயே சேக்கிழாரும் கோபாலகிருட்டிண பாரதியாரும் வேறுபடுகின்றனர்.

பெரியபுராணத்து நந்தனார், கொள்ளிடக் கரை ஆதனூரில் ஊர்த்தொண்டிற்கு உரிய பறைத்துடவையின் விளைவை உண்டு வாழ்பவர்; கோயில் இசைக்கருவிகளுக்குத் தோலும் நரம்பும் அளிப்பவர். தில்லை செல்ல அவர் எவரிடமும் விடைபெற வேண்டுவதில்லை. பிறப்பைப் பற்றிய எண்ணமே அவரை 'நாளைப் போவேன்' எனத் தயங்கச் செய்கின்றது.

1860-களில் அச்சேறிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையிலோ அவர் பண்ணையாள். ஆண்டையாகிய வேதியரின் நாற்பது வேலி வேலை முடிந்தாலன்றிப் பயணம் இல்லை. இவ் வேதியர் மூலநூலில் இல்லாத புனைவு எனக் குறைகூறுவாரும் உளர். அக்குறை பொருந்தாது. அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பை 1843-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிய பின்னரும், நிலமற்றவனது நாள் நிலமுடையவன் கையிலேயே இருந்தது. பாரதியாரின் மாற்றம் கதையைத் தம் காலத்து வாழ்வோடு இயைத்தது. 'நாளை' என்னும் சொல் அடியாரின் தயக்கத்தினின்று ஆண்டையின் மறுப்பாயிற்று.

ஆயினும் வேலை ஓரிரவில் இறையருளால் முடிகின்றது. ஓய்வுக்கும் அற்புதம் வேண்டுமெனின், அங்கு உரிமை இல்லை என்பதே பெறப்படும். பாரதியார் தடையைக் கண்டார். அதனை நீக்கும் வழியை மாந்தரிடம் காணவில்லை.

கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்த புதுமைப்பித்தன், 'புதிய நந்தன்' சிறுகதையில் அவ் அற்புதத்தையும் விலக்கினார். வேட்கை உள்ளத்தில் முளைப்பது. அதன் எல்லையை நிலமும் பிறப்பும் வகுக்கின்றன. இவற்றை ஆராயாது நந்தனாரின் பத்தியை மட்டும் போற்றுவது அரை ஆராய்ச்சியே ஆகும்.