எந்த ஐந்தாம் எண் வீடு? – ஒரு நூலின் பதினைந்தாம் அதிகாரம் பற்றி

லினக்ஸ் இயக்க முறைமைக்குக் கருவி இயக்கி எழுதக் கற்பவர்கள் இன்றும் கையில் எடுக்கும் நூல் ஒன்று உண்டு. ஜொனாதன் கார்பெட், அலெஸ்ஸாண்ட்ரோ ரூபினி, கிரெக் க்ரோ-ஹார்ட்மன் ஆகிய மூவரும் எழுதிய 'லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்' என்பது அது. மூன்றாம் பதிப்பு 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. இயற்பியல் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். ஆய்வகத்தில் மின்னழுத்தத்தை அளந்து கணிப்பொறிக்குத் தரும் அட்டை ஒன்றைப் பொருத்தினால், அதை இயக்கும் நிரலையும் யாராவது எழுதத்தானே வேண்டும்! அந்த நிரலே கருவி இயக்கி. நூலின் பதினைந்தாம் அதிகாரம், அத்தகைய கருவியும் இயக்கியும் நினைவகத்தை எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்பதை விளக்குகிறது.

ஓர் உவமையிலிருந்து தொடங்குவோம். மஞ்சக்குட்டைப் பக்கத்தில் அடுத்தடுத்து இரு காப்பித் தோட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் தன் லயன் வீடுகளுக்கு ஒன்றிலிருந்து எண் இட்டிருக்கிறது. தோட்டத்துக்குள் 'ஐந்தாம் எண்' என்றால் எல்லோருக்கும் விளங்கும். ஆனால் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் லாரிக்காரரிடம் 'ஐந்தாம் எண் வீட்டில் மூட்டையை இறக்கு' என்று மட்டும் சொன்னால் என்ன ஆகும்? அவர் எந்தத் தோட்டத்து ஐந்தில் இறக்குவார்?

ஒரே கணிப்பொறியில் பல மெய்நிகர்ப் பொறிகளை ஓட்டும்போது இதே நிலைதான். ஒவ்வொரு விருந்தினர்ப் பொறியும் தன் நினைவகம் பூச்சியத்தில் தொடங்குவதாக நம்புகிறது. மையச் செயலகம் நினைவகத்தைத் தொடும்போதெல்லாம் இடையே ஒரு முகவரி அட்டவணை நின்று, விருந்தினரின் எண்ணை மெய்யான எண்ணாக மாற்றிவிடும். ஆனால் வலையட்டையும் வட்டு அட்டையும் செயலகத்தைக் கேட்காமல் தாமே நினைவகத்தில் எழுதுபவை. இதை டி.எம்.ஏ. என்கிறோம். இவைதாம் நம் லாரிக்காரர். இவற்றிடம் விருந்தினரின் எண்ணை அப்படியே கொடுத்து, இடையே மாற்றித்தர யாரும் இல்லாவிட்டால், தரவு வேறொருவரின் பக்கத்தில் போய் விழும். அங்கே இன்னொரு நிறுவனத்தின் கணக்குகூட இருக்கலாம்.

நூலாசிரியர்கள் இதன் பாதியைச் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். கருவி காணும் 'பஸ் முகவரி' வேறு, செயலகம் காணும் முகவரி வேறு என்கிறார்கள். 'விர்ட் டு பஸ்' போன்ற குறுக்கு வழிகளைத் தவிர்க்குமாறு எச்சரிக்கிறார்கள். 'டி.எம்.ஏ. மேப் சிங்கிள்' போன்ற பொது வழியே முறை என்கிறார்கள். 2005இல் இவ்வளவு தெளிவு பாராட்டத்தக்கது. எனினும் அவர்கள் காட்டும் காரணம் போதாது. பலவகைக் கணிப்பொறிகளிலும் ஒரே இயக்கி ஓட வேண்டும் என்பதையே முன்னிறுத்துகிறார்கள். படிக்கும் மாணவனோ, 'என் இயக்கி இன்டெல் பொறியில் மட்டுந்தானே ஓடப்போகிறது' என்று எண்ணிக் குறுக்கு வழியில் இறங்கிவிடுகிறான். பக்கத்து வீட்டுக்காரனின் நினைவகம் கெடும் என்று சொல்லியிருந்தால் அப்படி எண்ணமாட்டான்.

அன்றைக்கு மெய்நிகர்ப் பொறி ஏது என்று சமாதானம் கூறலாம். அது பொருந்தாது. கேம்பிரிட்ஜில் உருவான ஜென் 2003லேயே வெளிவந்துவிட்டது. அதில் விருந்தினருக்கு அடுத்தடுத்துத் தெரியும் பக்கங்கள் மெய்யான நினைவகத்தில் சிதறிக் கிடக்கும். இன்னும் பின்னோக்கிப் போனால், ஐ.பி.எம். நிறுவனம் 1972இல் அறிவித்த வி.எம்./370 இதே சிக்கலைத் தீர்த்திருந்தது. விருந்தினர் எழுதிய உள்ளீட்டு-வெளியீட்டுக் கட்டளைகளைக் கட்டுப்பாட்டு நிரல் படியெடுத்து, முகவரிகளை மாற்றி, வேலை முடியும்வரை அந்தப் பக்கங்களை அசையாமல் பூட்டி வைக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1973இல் நிறுவப்பட்ட 370/155 இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 155 வகை 1970இல் அறிவிக்கப்பட்டபோது அதில் முகவரி மாற்றும் சாதனம் கிடையாது. பிறகு 1972இல்தான் அதைத் தனியே வாங்கிச் சேர்க்க வழி வந்தது. ஆகவே இது நேற்றுப் பிறந்த சிக்கல் அன்று.

எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுவது நூலின் மாதிரி நிரல். முகவரி மாற்றம் தவறினால் பூச்சியம் திரும்பும் என்று உரை கூறுகிறது. அடுத்து வரும் எடுத்துக்காட்டோ, திரும்பி வந்த எண்ணைச் சோதிக்காமலே கருவியிடம் கொடுத்துவிடுகிறது. மாணவர்கள் உரையைவிட நிரலையே படியெடுப்பார்கள் என்பது ஆசிரியர் தொழிலில் இருப்பவர் எவருக்கும் தெரியும். மெய்நிகர்ச் சூழலில் இந்த மாற்றம் தவறுவது அரிய நிகழ்ச்சி அன்று. இடைத்தாங்கி நினைவகம் நிரம்பிவிட்டாலே போதும். அத்துடன், இன்று பூச்சியம் செல்லுபடியாகும் முகவரியாகவும் இருக்கக் கூடும். எனவே 'டி.எம்.ஏ. மேப்பிங் எரர்' என்னும் சோதனையைத்தான் நாடவேண்டும்.

இப்போது பல கணிப்பொறிகளில் ஐ.ஓ.எம்.எம்.யு. என்ற காவலர் இருக்கிறார். கருவி தரும் ஒவ்வொரு முகவரியையும் அட்டவணை பார்த்தே உள்ளே விடுவார். அனுமதி இல்லாததைத் திருப்பியனுப்புவார். அப்படியானால் இயக்கி எப்படி எழுதினால் என்ன? இங்கேதான் ஏமாற்றம். காவலரின் அட்டவணையில் விருந்தினரின் எண்களையே பதிந்துவைப்பது வழக்கம். அதனால் குறுக்கு வழியில் எழுதிய இயக்கியும் பல நாள் ஒழுங்காக ஓடும். விருந்தினருக்குள்ளேயே இன்னொரு காவலரை வைக்கும் நாளில்தான் அது விழும்.

அனுபவசாலிகளும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். ரஸ்டி ரஸ்ஸல் வடிவமைத்து 2008இல் லினக்ஸில் சேர்ந்த 'விர்டியோ' இயக்கிகள், வேகம் கருதி, விருந்தினரின் எண்களை நேரே எழுதின. எதிர்ப்பக்கம் இருப்பது மெய்யான கருவி அன்று, விருந்தினரின் நினைவகம் முழுவதையும் காணும் நிரல்தானே என்பது அவர்கள் வாதம். அன்று அது நியாயமான வாதமே. பின்னர் ஏ.எம்.டி. நிறுவனத்தின் செயலகங்கள் விருந்தினரின் நினைவகத்தைக் குறியாக்கம் செய்யத் தொடங்கின. புரவலர் நிரலுக்குத் தெரிவதெல்லாம் குப்பை எழுத்துகளே. தரவைத் திறந்த ஓர் இடைத்தாங்கிக்கு நகலெடுத்துத்தான் கொடுக்க வேண்டும். பொது வழியில் எழுதிய இயக்கிகளுக்கு அந்த நகலெடுப்பு அவற்றை அறியாமலே நடந்தது. விர்டியோவுக்கோ 2016இல் சேர்க்கப்பட்ட தனிக் குறியொன்று தேவைப்பட்டது. அந்தக் குறி இருந்தால் மட்டுமே அது பொது வழியில் செல்லும்.

பயனர் நிரலுக்கு நினைவகத்தைக் காட்டும் 'எம்மேப்' பகுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது செயலகத்தின் வழியே செல்வதால் மெய்நிகர்ச் சூழலிலும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அங்கு விளக்கியுள்ள 'நோபேஜ்' முறை மட்டும் வழக்கொழிந்தது. 2007இல் வந்த 'ஃபால்ட்' அதன் இடத்தைப் பிடித்துவிட்டது.

நூலின் பதினெட்டு அதிகாரங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பதினைந்தாவதைப் படிப்பவர்கள், லினக்ஸ் கருவோடு வரும் டி.எம்.ஏ. வழிகாட்டியையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளட்டும். மாதிரி நிரலில் விடுபட்ட சோதனையைச் சேர்க்க இரண்டு மூன்று வரிகளே ஆகும்.